திரையின் இடது ஓரம்

சத்திரசிகிச்சை முடிந்து மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். தலையின் வலப்பக்கத்தில் பட்ட ஷெல் துண்டை எடுத்தாயிற்று. காயம் ஆறிவிடும். ஆனால் எப்போதாவது அவளுக்கு இடப்பக்கத்தில் இருப்பவை தெரியாமற்போனால், ஒரு முகத்தின் பாதியோ ஒரு சொல்லின் தொடக்கமோ குறைந்தால், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. வலப்பக்கத்து மூளைதான் இடப்பக்கத்தைப் பார்க்கிறது என்பதைத் தன் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினார். நான் விவசாயத் திணைக்களத்தில் கடிதங்கள் எழுதும் எழுதுவினைஞனாக இருந்தவன், நாலு புத்தகம் படித்தவன். என்றாலும் மண்டைக்குள் இப்படியொரு குறுக்குப் பாதை இருக்கிறது என்பதை அன்றுவரை அறிந்திருக்கவில்லை. அந்தக் கைகள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

தாமதிக்காமல் எங்கே கொண்டுபோவது என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். தலையைப் படம்பிடிக்கும் கருவி வன்னியில் இல்லை. வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து இன்னும் தெற்கே போகவேண்டும். புறப்பட இந்தப் பக்கத்தில் இயக்கத்திடம் ஓர் அனுமதி, நுழைய அந்தப் பக்கத்தில் இராணுவத்திடம் ஓர் அனுமதி. தலையில் தழும்போடு நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துச் சோதனைச் சாவடியில் என்னென்ன கேட்பார்கள் என்று நினைக்கும்போதே அந்தப் பயணத்தை மனதுக்குள் தள்ளிப்போட்டுவிடுவேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கிளிநொச்சியையும் விட்டு வந்து, அப்போது நாங்கள் விசுவமடுவில் மனைவியின் தமையனுடைய வயற்காணியின் ஓரத்தில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். மகள் கணிதப் பிரிவில் படித்தவள். காயத்தோடு பரீட்சை போயிற்று. வீட்டில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக்குடியிருப்பில் ஒருவர் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டதும் தானாகவே எழுந்து சீப்பை எடுத்துத் தலை இழுத்தாள். காயத்துக்குப் பிறகு அவள் கண்ணாடியைத் தேடியது அன்றுதான். அதைப் பார்த்த மனைவி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

வகுப்பு நடந்தது முன்பு உரம் வைத்திருந்த ஒரு களஞ்சிய அறையில். தகரக்கூரை, சீமெந்துத் தரை, ஒரு யன்னல். மின்சாரம் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் ஓடுவதென்றால் ஜெனரேற்றர் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றிய ஒரு ஜெனரேற்றர் அறைக்குப் பின்னால் கிடந்து கத்தும். அதன் சத்தத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு குண்டு போட வரும் விமானத்தின் சத்தம் கேட்காது. அதனால் அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் ஒருவர், சத்தம் எட்டாத தூரத்தில் உள்ள வேப்பமரத்தடிக்குப் போய், வானத்துக்குக் காது கொடுத்து நிற்கவேண்டும். ஏதாவது கேட்டால் ஓடிவந்து ஜெனரேற்றரை நிறுத்தவேண்டும். மற்றவர்கள் முறைவைத்து நின்றார்கள். நான் என் முறையிலும் நின்றேன், மற்றவர்களின் முறையிலும் நின்றேன். எனக்கு வேறு எங்கும் இருக்க முடியவில்லை.

அதனால்தான் மாதக்கணக்காக வகுப்புக்குப் போய்வந்தும், மகள் பார்க்கும் அந்தத் திரையை நான் ஒருநாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. என் வேலை வானத்தைக் கேட்பது.

வகுப்பை நடத்தியவர் முப்பது வயதைத் தொட்டவர். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். தெற்கே போகும் பாதை திறந்திருந்த காலத்தில் இவர் கொழும்பில் கொம்பியூட்டர் படித்து, அங்கேயே வேலையும் செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். அவரிடம் எழுத்து மட்டும் காட்டும் பழைய இயந்திரங்கள் சில இருந்தன. புதிதாக வந்தது ஒன்று. அதில்தான் வர்ணத் திரை. அதற்குள் அவர் ஏற்றியிருந்தது, இயந்திரத்தை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள். அதை யாரும் விலைகொடுக்காமல் பிரதி எடுக்கலாம், அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்று மகள் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு ரோச் லைற் பற்றரிக்கு நாங்கள் அலைந்து திரிந்த காலம் அது. எங்கோ முகம் தெரியாத மனிதர்கள் இரவும் பகலும் எழுதி, இந்தாருங்கள் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அதுவும் எங்கள் உரக் களஞ்சியம் வரைக்கும் வந்துவிட்டது என்றால், எப்படி நம்புவது?

அந்த இயந்திரத்தில் பழக அவர் மகளை மட்டும் விட்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் எழுத்துத் திரைகளில் தட்டச்சுப் பழகினார்கள். அவள் தனியே ஒரு மூலையில்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தபோது யன்னலால் எட்டிப் பார்த்தேன். மகள் கதிரையில் இருந்தபடி உடம்பை ஒரு பக்கம் சரித்து, கழுத்தை நீட்டி, திரையின் இடது ஓரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக இருந்தாள். மறுபடியும் சரிந்தாள். கையால் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போனேன். அந்த வகுப்பு முடியும்வரை வானத்தில் எது போயிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

மனைவிக்குச் சொல்லவில்லை, மகளிடம் கேட்கவுமில்லை. நானாகவே சோதிக்கத் தொடங்கினேன். சாப்பிடும்போது தேங்காய்ச் சம்பல் கோப்பையை அவளுடைய இடப்பக்கத்தில் வைத்தேன். அவள் பார்க்காமலே கையை நீட்டி எடுத்தாள். கிணற்றடியில் இடப்பக்கமாகச் சத்தமில்லாமல் வந்து நின்றேன். அவள் திரும்பி, என்னப்பா என்றாள். கொட்டிலின் இடது மூலையில் விளக்கை வைத்துவிட்டு அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் யன்னலால் கண்ட அந்தச் சரிந்த உடம்பு நினைவுக்கு வந்ததும் வந்த மூச்சுப் போய்விடும்.

மனைவி என்னைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் சோறு போட்டபடி சொன்னாள்:

"பிள்ளைக்குக் கண் தெரியாமப் போறதெண்டால் முதல் முதல் உங்களைத்தான் தெரியாமப் போகோணும். எந்த நேரமும் அவளின்ரை இடப்பக்கத்திலைதான் நிக்கிறியள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளும் பயந்திருக்கிறாள் என்பது, நான் போதும் என்ற பிறகும் சோறு போட்டுக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

அடுத்த வகுப்பு முடிந்து நானும் மகளும் ஆளுக்கொரு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் தெருவின் ஓரத்து மணலுக்குள் சில்லுப் புதையப் புதைய அவளுடைய இடப்பக்கமாகவே ஓடினேன். ஒரு மதகடியில் அவள் இறங்கிச் சைக்கிளைச் சாத்தினாள்.

"அப்பா, நீங்கள் என்னைச் சோதிக்கிறியள்."

இல்லை என்றேன்.

"சம்பலை இடப்பக்கம் வைக்கிறது நீங்கள். அம்மா நடுவிலைதான் வைப்பா."

நான் மதகுக் கட்டில் இருந்துவிட்டேன். அவள் நின்றபடியே சொன்னாள். வீட்டில் எல்லாம் தெரிகிறது. தெருவில் தெரிகிறது. கொம்பியூட்டரில் மட்டும்தான். அதுவும் தொடக்கத்தில் வரும் கறுப்புத் திரையில் எழுத்துகள் முழுவதும் தெரிகின்றன. அதிலிருந்து வர்ணத் திரைக்கு மாறியதும் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கத்து எழுத்துகள் இல்லாமற்போகின்றன. அவள் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வர்ணத் திரையில் வெளிச்சம் அதிகம், அந்த அளவு வெளிச்சத்தைக் காயப்பட்ட மூளையால் தாங்க முடியாமல் இருக்கலாம் என்று. கணிதம் படித்த பிள்ளை. காரணம் சரியாகத்தான் தெரிந்தது. அதனால்தான் நான் பயந்தேன்.

"சொல்லித்தாற சேரைக் கேட்டியோ?"

"கேக்கேல்லை."

"ஏன் பிள்ளை?"

"கேட்டா அவர் தனக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியுது எண்டு சொல்லுவார்."

ஒரு மாட்டுவண்டி போகும்வரை காத்திருந்து மறுபடியும் ஏறினோம். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை என் மனதில் அனுமதி எடுக்கும் வழிகளும், வவுனியாவில் யாருடைய வீட்டில் தங்கலாம் என்பதும்தான் ஓடின.

அடுத்த வகுப்பு நாளில் வேப்பமரத்தடியை இன்னொரு பிள்ளையின் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தத் திரையை என் கண்ணால் பார்க்க நான் உள்ளே போனேன். மகள் தன் கதிரையை விட்டு எழுந்து என்னை அதில் இருத்தினாள். தானே எல்லாவற்றையும் இயக்கினாள். முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல ஓடின. அவை நின்ற இடத்தில் அவள் ஏதோ தட்டினாள். திரை இருண்டது, மொனிற்றருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது, பிறகு வர்ணம் வந்தது.

நான் படித்தவன் என்று முன்பே சொன்னேன். படித்தும் என்ன, அந்த நீலத்தைப் போல ஒரு நீலத்தை அதுவரை கண்டதில்லை. குப்பி விளக்கில் வாழ்ந்து பழகிய கண்ணுக்கு அது வெளிச்சமாகத் தெரியவில்லை, தண்ணீர் போலத் தெரிந்தது. அதற்கு மேல் சாம்பல் நிறப் பெட்டிகள் மிதந்தன. மகள் கையை அசைக்க ஒரு அம்பு அசைந்தது. நான் வந்த காரியத்தையே சிறிது நேரம் மறந்துபோனேன்.

வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டி இருந்தது. நான் அதைப் பார்த்து, இதற்கும் கரை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளில் கரை இடப்பக்கம் இருக்கும். இந்த இயந்திரத்தில் வலப்பக்கம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எவ்வளவு நேராக அடித்திருக்கிறார்கள் என்று வியந்தும் கொண்டேன்.

மகள் நீளமான ஓர் ஆங்கிலப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாசியுங்கோ அப்பா என்றாள்.

நான் முதல் வரியை வாசிக்கத் தொடங்கினேன். சொல் வரவில்லை. இரண்டாவது வரியும் அப்படியே. ஆங்கிலத்தில் இரண்டு தலைமுறை அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்.

"இது என்ன பாசை பிள்ளை?"

"இங்கிலீசுதானப்பா. உங்களுக்கு முதல் எழுத்துகள் தெரியுதோ?"

"எங்கை முதல் எழுத்து? இதிலை வரியள் நடுச் சொல்லிலையெல்லோ தொடங்குது."

திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மற்றப் பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆசிரியர் ஓடிவந்தார். நடந்ததை நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று.

"அய்யோ ஐயா, படந்தாங்க இடப்பக்கம் ஒதுங்கி நிக்குது. வந்த நாள்ல இருந்தே அப்பிடித்தான். நான் கறுப்புத் திரையிலயே வேல செய்யிறவன், அதப் பெருசா எடுக்கல்ல. தங்கச்சியும் ஒருநாளும் கேக்கல்லயே."

கறுப்புப் பட்டியைத் தொட்டுக் காட்டினார். அது கரை அல்ல. படம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டதால் வலப்பக்கத்தில் விழுந்த வெற்றிடம். அந்த அளவுக்கு இடப்பக்கத்தில் உள்ளவை கண்ணாடிக்கு வெளியே, பெட்டியின் விளிம்புக்குள் போய்விட்டன.

நான் நிம்மதிப்பட்டிருக்கவேண்டும். பட்டேன்தான். ஆனால் பயந்து பழகியவனுக்கு நிம்மதி அதிக நேரம் தங்குவதில்லை. இரண்டு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாத எழுத்து அவளுக்கும் தெரியவில்லை, சரி. ஆனால் அந்த எழுத்துகள் திரையில் வந்தபிறகும் அவளுக்குத் தெரியுமா? இந்த வெளிச்சத்தில், இந்தத் திரையில், அதன் இடது ஓரத்தில்? படம் சரியாக நிற்கும்வரை அதற்குப் பதில் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளும் எழுந்து நின்று அந்த இடது விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைத் தள்ள மொனிற்றரின் கீழே ஒரு சிறு திருகி இருக்கவேண்டுமாம். இதில் அந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றிவரும்போது உடைந்திருக்கலாம் என்றார் ஆசிரியர். சந்தையடியில் ரேடியோ திருத்துபவரைக் கூட்டிவந்து கழற்றிப் பார்ப்போம் என்றேன். வன்னியில் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எது நின்றாலும் கழற்றுவோம். ஒன்றுக்குள் இருந்ததை எடுத்து இன்னொன்றுக்குள் போடுவோம். சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள்.

அவர் மறுத்துவிட்டார். அணைத்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஆளை அடிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும். அதோடு பழுது பெட்டிக்குள் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் நடுவில் நிற்கின்றனவே. வர்ணத் திரை வரும்போது மட்டும் படம் நகர்கிறதென்றால், மொனிற்றர் சொன்னதைக் கேட்கிறது, சொல்லுகிறவர்தான் பிழையாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

யார் சொல்கிறார் என்று கேட்டேன். எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவர் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துக் கோடுகள் போட்டார். திரையில் தெரிவது முழுப்படம் அல்லவாம். குழாய்க்குள் ஒரு புள்ளி வெளிச்சம் இடமிருந்து வலமாக ஒரு கோடு கீறும். கீறி முடிந்ததும் பின்னால் ஓடிவந்து, அதற்குக் கீழே அடுத்த கோடு. நாங்கள் எழுதுவதைப் போலவேதான். இப்படி ஒரு நொடிக்குள் பல்லாயிரம் கோடுகள். ஓடிவந்த புள்ளி எவ்வளவு பொறுத்து அடுத்த கோட்டைத் தொடங்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த இயந்திரத்தில் அது பொறுக்காமல் முந்தித் தொடங்குகிறது. அதனால் முதல் எழுத்துகள் கண்ணாடிக்கு வெளியே கீறப்படுகின்றன.

நான் திரையைப் பார்த்தேன். அந்த நீலம் அசையாமல் நின்றது. அதற்குள் ஒரு புள்ளி இப்படிப் பேயாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கண்ணால் காணமுடியவில்லை. நாங்கள் முழுதாகப் பார்க்கிறோம் என்று நினைப்பது எதுவும் முழுதல்ல, யாரோ எங்கள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் கோடு கோடாக அடுக்கித் தருகிறார்கள். மகளின் மண்டைக்குள் தையலிட்ட இடத்துக்குப் பின்னாலும் இப்படித்தான் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஷெல் துண்டு பாய்ந்த பிறகும் ஓடுகிறது.

படத்தைத் தள்ளுவதற்கென்றே லினக்ஸில் ஒரு சிறிய கருவி இருந்தது. மகள் அதைத் திறந்ததும் முதலில் ஓர் எச்சரிக்கை வந்தது. நல்லவேளை, அது நடுவில் வந்ததால் முழுவதும் வாசிக்க முடிந்தது. நான்தான் வாசித்தேன். பிழையாகப் பாவித்தால் மொனிற்றர் நிரந்தரமாகப் பழுதாகலாம், பொறுப்பு உங்களுடையது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்த அறையில் இருந்த ஒரே வர்ணத் திரை அது. கெட்டால் இன்னொன்று வர வழியில்லை. யாரோ ஒருவர் எத்தனை சாவடி தாண்டிக் கொண்டுவந்தாரோ.

நான் பின்வாங்கினேன். காரணம் தெரிந்துவிட்டது, அது போதும், இந்த ஆபத்து வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார்.

"இல்லையப்பா," என்றாள். "அந்தப் பக்கத்திலை இருக்கிறதை நான் வாசிக்கோணும். வாசிச்சால்தான் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

ஆசிரியர் மொனிற்றருக்குக் கிட்டே வந்தார்.

"செய் தங்கச்சி. மொனிற்றர் போனா நம்ம எல்லாரும் கறுப்புத் திரைக்குப் போயிருவோம். பொத்தான ஒருதரம் அமத்திட்டுக் கையை எடுத்துரு. கீச்சுன்னு சத்தம் கேட்டா நான் நிப்பாட்டுறேன்." ஒரு விரலை மொனிற்றரை அணைக்கும் பொத்தானில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சிறு பெட்டியில் இடம், வலம், மேல், கீழ் என்று ஆங்கிலத்தில் பொத்தான்கள் இருந்தன. மகள் அம்பைக் கொண்டுபோய் 'வலம்' என்பதில் நிறுத்தி அமத்தினாள்.

திரை இருண்டது.

ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது, கொம்பியூட்டருக்குள் காற்றாடி சுற்றியது, எல்லாம் இருந்தன, வெளிச்சம் மட்டும் இல்லை. யாரோ ஒரு பிள்ளை, பழுதாப் போட்டுதோ என்று கேட்டது. ஆசிரியர் கையைக் காட்டி அடக்கினார். பெட்டிக்குள் டிக் என்றது. நீலம் திரும்பி வந்தது.

கறுப்புப் பட்டி மெலிந்திருந்தது. ஒரு நெல்மணி அகலம். அவ்வளவுதான். ஆனால் அது மெலிந்திருந்தது. யாரும் பெட்டியைத் தொடவில்லை. கழற்றவில்லை, சரிக்கவில்லை, தட்டவில்லை. ஓடிவரும் அந்தப் புள்ளியிடம், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறோம். அது கேட்டுக்கொண்டது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல இருந்தது. எதைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

அவள் மறுபடி அமத்தினாள். இருட்டு, டிக், வெளிச்சம். மறுபடி. ஒவ்வொரு இருட்டிலும் அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள், ஒவ்வொரு வெளிச்சத்திலும் விட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். படம் அங்குலம் அங்குலமாகக்கூட இல்லை, மயிர் மயிராக, ஒரு பெரிய தேரை வடம் இல்லாமல் இழுப்பதுபோல நகர்ந்தது. இடது விளிம்பில் முதலில் எழுத்துகளின் முதுகுகள் வெளியே வந்தன, பிறகு முழு எழுத்துகள், பிறகு சொற்களின் தொடக்கங்கள். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பார்க்கவில்லை. அவள் கண்ணை 'வலம்' பொத்தானிலிருந்து எடுக்கவே இல்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

இரண்டு பக்கமும் ஒத்த அளவில் மெல்லிய கறுப்பு வந்ததும் ஆசிரியர் போதும் என்றார். ஆனால் அணைத்தால் இது மறந்துவிடுமாம். இப்போதைய எண்களை அந்தக் கருவியே எழுதிக் காட்டியது. ஆசிரியர் சொல்லச் சொல்ல மகள் அவற்றை உரிய கோப்பில் பழைய எண்களின் இடத்தில் வைத்தாள். ஒரு எண் பிழைத்தாலும் சரிவராது என்று அவர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு ஒத்துப் பார்த்தார். பிறகு வர்ணத் திரையை முழுவதும் மூடச் சொன்னார்.

கறுப்புத் திரைக்கு வந்தோம். மகள் வர்ணத் திரையைக் கூப்பிடும் அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினாள். இருண்டது. இந்த முறை இருட்டு நீண்டது. என் காதில் ஜெனரேற்றரின் சத்தம் மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லாததுபோல ஆயிற்று.

வர்ணம் வந்தது. நேராக, நடுவில் வந்து நின்றது. யாரும் தள்ளாமல், தன் இடம் இதுதான் என்று முன்பே தெரிந்ததுபோல. இத்தனை வருடங்களில் எதுவும் அப்படித் திரும்பிவந்து அதனதன் இடத்தில் நின்றதை நான் கண்டதில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

மகள் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்தாள். கதிரையை நேராக்கினாள். முதுகை நிமிர்த்தி, கழுத்தைச் சரிக்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்களும் பாத்துக்கொண்டு வாங்கோ," என்றாள்.

ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்தில் இருந்த முதற்சொல்லை மட்டும் மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கினாள். 'த' என்றாள். 'மொனிற்றர்' என்றாள். 'ஒவ்', 'இஃப்', 'பிஃபோர்', 'யூ', 'நொட்'. தலையும் வாலும் இல்லாத சொற்கள். அவற்றைச் சேர்த்தால் ஒரு பொருளும் வராது. ஒவ்வொன்றையும் அவள் சொன்ன பிறகுதான் நான் பார்த்தேன், ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. அவள் ஒன்றைக்கூட விடவில்லை. குரல் போகப்போகத் தெளிந்தது. பாதிப் பக்கத்தில் ஆசிரியர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைசி வரியின் முதற்சொல்லையும் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கப்பா."

தலையசைத்தேன். வெளியிலிருந்து ஆசிரியர், எண்ணெய் முடியப்போகிறது, இன்னும் கொஞ்ச நேரம்தான் ஓடும் என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"அடுத்த பக்கத்தையும் வாசி பிள்ளை," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.